ஏழு கேள்விக்குறிகள்

பதினொன்று. எதற்கும் இன்னொரு தடவை எண்ணிவிடலாம், போர்டு எங்கே ஓடிவிடப் போகிறது, ஒன்று, இரண்டு என்று கண்ணாலேயே தொட்டுக்கொண்டு போனால் பதினொன்றில்தான் வந்து நிற்கிறது, சிவப்பு விளக்கில் பதினொரு கேள்விக்குறி, கறிக்கடைக் கொக்கிகளை வரிசையாக மாட்டின மாதிரி. எதிர் பெஞ்சில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற லாரி புரோக்கரின் பேர் செல்லமுத்து, முன்னாலேயே விசாரித்து வைத்துவிட்டேன். ச ஒன்று, அதன் கொம்பு இரண்டு, ல மூன்று, அதன் தலையில் புள்ளி நாலு. நாம் ஒரே எழுத்து என்று நினைப்பதைக் கம்ப்யூட்டர் ஆளாளாகப் பிரித்து உட்கார வைக்கும், கொம்புக்கு ஒரு நாற்காலி, புள்ளிக்கு ஒரு நாற்காலி, அப்படி எண்ணிக்கொண்டே போனால் செல்லமுத்து சரியாகப் பதினொன்று. "செல்லமுத்து, உங்களைத்தான் கூப்பிடறாங்க" என்றேன். மனுஷன் போர்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், "அதுல எங்கீங்க என் பேரு?" என்கிறார். போய்க் கேளுங்கள், இல்லையென்றால் என் மீசையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். போனார், கவுன்ட்டர் ஜன்னலில் தலையை விட்டுக் கேட்டார், அப்படியே டாக்டர் அறைக்குள் போய்விட்டார். ஹாலில் இருக்கிற பன்னிரண்டு பேரும் என்னை ஜோசியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். பக்கத்தில் என் பெண்டாட்டி கௌமாரி மட்டும் பார்க்கவில்லை, ஆரஞ்சுச் சுளையிலிருந்து வெள்ளை நாரை ஒவ்வொன்றாக உரித்துக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டிருக்கிறாள், என் மீசையின் மதிப்பு அவளுக்குத் தெரியும்.

இந்த ஹாலுக்கு ஒரு சட்டம் உண்டு. கட்டியில் ஊசி குத்தித் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியவர்கள் முடிவு கேட்க வருகிற இடம், இங்கே யாரையும் நம்பர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பேரைக் கூவவும் கூடாது என்று ஆஸ்பத்திரியை ஆரம்பித்த பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். போர்டில் எழுதினால் மட்டும் ரகசியமா என்று அப்போது நான் கேட்டேன். கூவினால் உடம்பு தூக்கிப் போடும், நஞ்சப்பன், எழுத்து மெதுவாகத்தான் கூப்பிடும் என்றார். பதினோரு வருஷத்துக்கு முந்தைய பேச்சு. அந்த எழுத்தை வரவழைக்கிற புரோகிராமை எழுதிக் கொடுத்தது நான்தான், நூல் மில்லின் கம்ப்யூட்டர் ரூமில் முப்பது வருஷம் இருந்துவிட்டு ஓய்வான கையோடு. கவுன்ட்டரில் எப்சிபா கருப்புத் திரையில் பேரைத் தட்டி என்டர் போடுவாள், அவள் தலைக்கு மேலே எங்களைப் பார்த்துத் தொங்குகிற போர்டில் பேர் வரும், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை. மூன்றுக்கும் ஆள் எழுந்திருக்கவில்லையென்றால் ஃபைல் அடுத்த செவ்வாய்க்குப் போய்விடும், டாக்டரம்மா செவ்வாய் மட்டும்தான் வருகிறார், அதுவும் ஒரு மணி வரைக்கும். லினக்ஸ் பெட்டியில் பதினோரு வருஷம் ஒரு எழுத்து பிசகவில்லை. சனிக்கிழமை அந்தப் பெட்டி புகைந்து செத்ததாம், யாரோ நல்ல மனசுக்காரர் ஒரு விண்டோஸ் பெட்டி கொடுத்தாராம், என் புரோகிராமை அப்படியே தூக்கி அதில் வைத்துவிட்டார்கள். காலையில் போர்டைப் பார்த்ததுமே எனக்கு வியாதி தெரிந்துவிட்டது. பழைய பெட்டியின் கருப்புத் திரை யூனிகோடு பேசியது, தட்டின எழுத்து தட்டினபடி உள்ளே வந்தது. இந்தப் பெட்டியில் கருப்புத் திரைக்கென்று தனியாக ஒரு பழைய எழுத்துப் பட்டியல் இருக்கிறது, வெள்ளைக்காரன் எழுத்தும் கோடும் கட்டமும் நிறைந்தது, தமிழ் அதில் கிடையாது. கிடையாத எழுத்து வந்தால் அது அழாது, நிற்காது, ஆளுக்கு ஒரு கேள்விக்குறியைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்பிவிடும். காட்டும்போது கெட்டால்கூடப் பரவாயில்லை, உள்ளே பேர் பத்திரமாக இருக்கும். இது உள்ளே வரும்போதே கெட்டது, என் புரோகிராமின் கைக்கு வருவதற்குள் பேர் போய்விட்டது, நீளம் மட்டும் மிச்சம். தப்பு பெட்டியுடையது இல்லை, என்னுடையது. நீ எந்தப் பட்டியலில் பேசுகிறாய் என்று வாசலிலேயே கேட்டுவிட்டு வாங்கியிருக்க வேண்டும், கேட்கவில்லை, உலகத்தில் உள்ள பெட்டியெல்லாம் என் பெட்டி மாதிரியே பேசும் என்று இருந்துவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை. எப்சிபாவைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லி அந்த நாற்காலியில் உட்கார்ந்து நாலு வரி மாற்றினால் தீர்ந்தது. எட்டே முக்காலிலிருந்து அந்த ஐந்து நிமிஷத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போகலாம், போகலாம், இந்தப் பேர் போகட்டும்.

பிளாஸ்டிக் கூடையோடு தனியாக வந்திருக்கிற ராக்கியாத்தா என்கிற அம்மாள், எப்படிங்க ஐயா கண்டுபிடிக்கிறீங்க என்று கேட்டாள். கேட்டால் சும்மா இருக்க முடிகிறதா. மில்லில் ஒரு தடவை ஒரு பையன் வார்ப்பிங் செக்ஷன் பெண்ணுக்குக் கம்ப்யூட்டரில் காதல் கடிதம் எழுதினான், இரண்டு பக்கமும் கேள்விக்குறியாக வந்தது, அவள் அழுதுகொண்டே என்னிடம் கொண்டுவந்தாள், நான் எண்ணி எண்ணி ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன், கல்யாணமே ஆயிற்று, பந்தியில் ஜிலேபியைக்கூடக் கேள்விக்குறி மாதிரிதான் பிழிந்திருந்தார்கள் என்றேன். ஹால் சிரித்தது. இந்த ஹால் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கௌமாரி நாரை உரித்தபடியே, "இவரு சொல்றதுல பாதியைத் தள்ளீட்டு மீதியை நனைச்சுப் புழிஞ்சு பாருங்க" என்றாள், அதற்கும் சிரித்தார்கள். உண்மையில் நடந்தது என்ன, ஒரு சரக்குச் சீட்டில் ஊர்ப்பேர் கேள்விக்குறியாகிவிட்டது, நான் பெரிய மனுஷனாக எண்ணிப் பார்த்துக் காரைக்குடி என்றேன், லாரி காரைக்குடி போய் ஒரு நாள் நின்றுவிட்டுத் திரும்பி வந்தது, அது காங்கேயம், ஒன்றே ஒன்று கூடுதலாக எண்ணிவிட்டேன். ஒன்றுதான். அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. ஆறு வாரத்துக்கு முன்னால் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு இவள் என் விரலைப் பிடித்துக் கழுத்தில் வைத்து, "இங்க தொட்டுப் பாருங்க" என்றாள். தொட்டேன். தோலுக்கு அடியில் சின்ன நெல்லிக்காய், விழுங்கும்போது மேலே போய் இறங்குகிறது. குரல்வளை, எல்லாருக்கும் இருக்கும் என்றேன். எனக்கு ரெண்டு இருக்குதே என்றாள். ரெண்டு பேருக்குப் பேசறயே, ரெண்டு வேணுமில்ல என்றேன், சிரித்தாள், நானும் சிரித்தேன், நாலு நாள் அப்படியே போயிற்று. தெரியாதது ஒன்று வாசலில் வந்து நின்றால் கையில் ஏதாவது ஒரு குறியைக் கொடுத்து அனுப்பிவிட்டு மேலே ஓடிக்கொண்டே இருப்பது பெட்டிக்கு மட்டும் உள்ள பழக்கமா என்ன. நாலு நாள் கழித்து அவளேதான் பஸ் ஏறி இங்கே வந்து பேர் பதிந்தாள், நான் பின்னாலேயே வண்டியில் வந்து, வாசலில் அதை நிறுத்த இடம் தேடுகிறேன் என்று அரைமணி நேரம் தேடினேன்.

ஆறு. போர்டில் ஆறு. மேலே ஒரு காற்றாடி கிறீச் என்கிறது, எண்ணெய் போட வேண்டும், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. க, அதன் ஔகாரக் குறி, ம, கால், ர, சுழி, கௌமாரி. கழுத்துக்குப் பின்னால் ஓர் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, எறும்பு இல்லை, வேர்வை. எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள், கடையைத் திறந்து வைத்தவன் நான், மூட முடியுமா. குடையைக் காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஸ்கூல் டீச்சரிடம், மரகதம், உங்களுதும் ஆறு, எங்களுதும் ஆறு, ரெண்டில் ஒண்ணு, போய்க் கேட்டுவிடுங்களேன் என்றேன். நானே போயிருக்கலாம். அந்த அம்மாள் குடையை விட்டுவிட்டுப் போனாள், ஜன்னலில் குனிந்தாள், திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே நடந்தாள். அவளுடையதுதான். என்ன சந்தோஷம் எனக்கு. இன்னொருத்தி குடையைக்கூட மறந்துவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறாள், எனக்குச் சந்தோஷம் வருகிறது, அறுபத்தொன்பது வயதில் இப்படி ஒரு கேவலமான சந்தோஷம். சாய்ந்து விழப் போன குடையை எடுத்து என் முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டேன், என்னால் ஆனது. அந்த ஆறுக்கு நான் பயந்ததைக் கௌமாரி பார்த்தாளா தெரியவில்லை, ஒரு சுளையை என் பக்கம் நீட்டினாள், வேண்டாம் என்றேன், கைக்குட்டையிலேயே திரும்ப வைத்தாள். இப்போதாவது எழுந்து போய் அந்த நாலு வரியை மாற்றினால் என்ன. மாற்றினால் அடுத்த பேர் பேராகவே வரும். கௌமாரி என்று வரும். சிவப்பு விளக்கில். கேள்விக்குறி என்றால் எண்ண வேண்டும், எண்ணுகிற நேரமாவது கிடைக்கிறது.

ஏழு. நல்லவேளை, ஏழு. ஹாலில் ஏழு யாரும் இல்லை, எல்லாரையும் எண்ணி வைத்திருக்கிறேன், ராக்கியாத்தா பன்னிரண்டு, மூலையில் நேற்றைய மாலைமுரசு படிக்கிறவர் ஒன்பது, எங்களுடையது ஆறு. ஏழுக்காரர் டீ குடிக்கப் போயிருப்பார் என்று அறிவித்தேன். இதற்குள் செல்லமுத்து வெளியே வந்துவிட்டார், வெறும் கொழுப்புக் கட்டியாம், ஒன்றுமில்லையாம், வீட்டுக்குப் போகாமல் என் எதிரிலேயே வந்து மறுபடி உட்கார்ந்துகொண்டார், இந்தக் கூத்தைப் பார்த்துட்டுப் போறனுங்க என்கிறார். எப்சிபாவிடம் கேட்டால் அடுத்தவர் பேரைச் சொல்ல மாட்டாள், அதுவும் சட்டம், அதனால் அவரே எழுந்து கேண்டீன் வரைக்கும் போய், ஏழு எழுத்துக்காரங்க யாராச்சும் இருக்கீங்களா என்று கேட்டுவிட்டு வந்தார், பரோட்டா மாஸ்டர் தன் பேரை எண்ணிப் பார்க்கச் சொன்னாராம். சிரித்தேன். ஏழு. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், இரண்டாவது தடவை, அதே ஏழு. யார் அது, பாவம், இன்னும் ஒரு தடவைதான் இருக்கிறது. ஏழு என்றால் யார் யார் இருக்கலாம், எண்ணிப் பார்ப்பதில் என்ன, நேரம் போகும். பழைய பெட்டிக்கு நான் முதன்முதலில் புரோகிராம் வைத்த அன்று வெள்ளியங்கிரி என்று ஒருத்தர் வந்தார், ஏழு இல்லை, பதின்மூன்று, போர்டில் அவர் பேர் நாக்கு புரளாத ஏதோ ஒன்றாக வந்து, மனுஷன் இது யாரோ வடநாட்டுக்காரர் என்று எழுந்திருக்கவே இல்லை. அது என் அதிகப்பிரசங்கித்தனம். ஔகாரக் குறியின் பின்பாதியும் ள என்கிற எழுத்தும் பார்வைக்கு ஒன்றுதான், பழைய டைப்ரைட்டரில் இரண்டுக்கும் ஒரே கட்டைதான், இன்ஸ்டிட்யூட்டில் டைப் படித்தவர்கள் கௌ அடிக்கச் சொன்னால் கொம்பு, க, ள என்று மூன்றாக அடித்துவிடுவார்கள், கண்ணுக்குக் கௌ, கம்ப்யூட்டருக்குக் கெள. இவளுடைய ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, கேஸ் புஸ்தகம் எல்லாவற்றிலும் அப்படித்தான், தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை நடந்தேன், என்ன சார் வித்தியாசம் என்று பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள், இவளானால், எப்படி எழுதினாலும் திரும்பிப் பார்க்கறது நான்தானே, விடுங்க என்கிறாள். எனக்கு விட மனசில்லை. அதனால் புரோகிராமில் ஒரு திருத்தம் வைத்தேன், கொம்புக்குப் பின்னால் ள வந்தால் பேசாமல் ஔகாரமாக்கிவிடு என்று, அது வெள்ளியங்கிரியையும் பிடித்துத் திருத்திவிட்டது, பிறகு க, ச, ம மூன்றுக்கு மட்டும் திருத்து, மற்றவர்கள் பக்கம் போகாதே என்று அடக்கி வைத்தேன். அன்றிலிருந்து யார் எப்படித் தட்டினாலும் போர்டில் சரியாகத்தான் வரும். எப்சிபா எப்படித் தட்டுகிறாள் என்று நான் பார்த்ததே இல்லை, பார்க்க வேண்டி வந்ததில்லை, அவளும் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் பாஸ் பண்ணினவள்தான், ஆனால் அதுதான் திருத்தம் இருக்கிறதே, என்ன தட்டினாலும் திருத்திவிடுமே, வந்த எழுத்தைத்தானே திருத்தும், இன்றைக்கு எழுத்தே வரவில்லையே, கேள்விக்குறியை எதை வைத்துத் திருத்தும். காற்றாடிக்கு எண்ணெய் போட வேண்டும். மூலையில் ஒன்பதுக்காரர் பேப்பரைத் திருப்புகிறார். டீச்சர் இன்னும் வெளியே வரவில்லை, குடை என் முழங்காலில் இருக்கிறது, உள்ளே இவ்வளவு நேரம் என்றால் என்ன அர்த்தம். மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். ஏழு யாரும் இல்லை. எங்களுடையது ஆறு. எங்களுடையது ஆறு. ஆறு என்று நான் சொல்லவில்லை, இலக்கணம் சொல்கிறது.

மூன்றாவது தடவை ஏழு வந்தது. செல்லமுத்து, அச்சச்சோ, அந்த ஆளுக்குப் போச்சே என்றார். போர்டைப் பார்க்கவில்லை நான், குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மரக் கைப்பிடி, அதில் பேனாவால் ம என்று எழுதியிருக்கிறது, அப்போது கௌமாரி என் முழங்கையைத் தொட்டாள். "ஏனுங்க, இங்க பாருங்க." கைக்குட்டை அவள் மடியில் விரிந்திருக்கிறது, நார் உரித்த சுளைகளைத் தின்னாமல் வரிசையாக வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றாகத் தொட்டாள். கொம்பு. கானா. ளானா. மானா. கால். ரானா. சுழி. பதினோரு வருஷம் புரோகிராமுக்குள் ஒளித்து வைத்திருந்ததை ஆரஞ்சுச் சுளையில் எழுதி வைத்திருக்கிறாள். நம்மது ஆறு என்றேன், எனக்கே கேட்கவில்லை.

"உங்க எழுத்துல ஆறு. எப்சிபா எழுத்துல ஏழு. பதியறப்ப பக்கத்துலயே நின்னேன், வாய்க்குள்ள சொல்லிட்டேதான் அடிக்கிறாங்க."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மொத ஏழுலயே."

சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன், எந்த முகத்தோடு கேட்பது, நாலு வரியைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவன். அவளே சொன்னாள், "எல்லாத்துக்கும் எண்ணிச் சொல்லிட்டு நல்லா இருந்தீங்க. இந்த ஆறு வாரத்துல இன்னைக்குத்தான் உங்க மூஞ்சி பழைய மாதிரி இருந்துது. ரெண்டு தடவை போகட்டும்னு விட்டேன். இதுக்கு மேல விட்டா அடுத்த செவ்வாக்கிழமைங்க." சொல்லிவிட்டு ஒரு சுளையை எடுத்து என் வாயில் வைத்தாள், கொம்பையா கானாவையா தெரியவில்லை, புளித்தது. மீதியைக் கைக்குட்டையோடு முடிச்சுப் போட்டுப் பையில் வைத்தாள். எழுந்தாள். விழுங்கும்போது அவள் கழுத்தில் நெல்லிக்காய் மேலே போய் இறங்குவதைப் பார்த்தேன், இத்தனை நாள் பார்க்காமல் பார்த்ததை இன்றைக்கு நேராகப் பார்த்தேன், அது அங்கேதான் இருக்கிறது, அதற்கு ஒரு பேர் இருக்கும், உள்ளே ஒரு தாளில் எழுதி வைத்திருப்பார்கள், நல்லதோ கெட்டதோ அது கேள்விக்குறி இல்லை.

ஏழு யாருங்க ஐயா, தெரிஞ்சுதா என்று செல்லமுத்து கேட்டார். எங்களுதுதான் என்றேன். அவர் சிரிக்கத் தயாராக இருந்தவர், சிரிக்கவில்லை, எழுந்து நின்று வழிவிட்டார். குடையை அவர் கையில் கொடுத்து டீச்சர் வந்தால் கொடுத்துவிடுங்கள் என்றேன். ராக்கியாத்தாவிடம் உங்களுது பன்னிரண்டு, எண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். கவுன்ட்டரில் எப்சிபா எழுந்து, "வாங்கம்மா, இங்கயேதான் இருந்தீங்களா, மூணு தடவை போட்டனே" என்றவள் என்னைப் பார்த்து, ஐயா, போர்டு ஒரே கொக்கி கொக்கியா வருதாம், மதியம் ஆள் வருவாங்களாம் என்றாள். ஆள் எதற்கு, நான் உள்ளே போய்விட்டு வந்து சரி பண்ணித் தருகிறேன், ஐந்து நிமிஷ வேலை என்றேன். வந்து என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, எந்தத் தாளில் என்ன எழுதியிருந்தாலும் வெளியே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து நாலு வரி எழுதியே ஆக வேண்டும், அது கொஞ்சம் தெம்பாக இருந்தது. டீச்சர் வெளியே வந்தாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, குடை அங்கே இருக்கிறது என்று கையைக் காட்டினேன். கதவு கனமாக இருந்தது. டாக்டரம்மா சின்ன வயசு, பெங்களூரில் பிறந்து படித்தவராம், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், எப்சிபா அடித்து ஒட்டிய ஃபைல் அட்டையைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோய் விரலை வைத்து மெதுவாகப் படித்தார், "கெ... ள... மாரி?" அப்படியில்லை டாக்டர், அது ஔகாரம் என்று ரேஷன் கடையிலிருந்து தாலுகா ஆபீஸ் வரைக்கும் சொல்லிப் பழகின வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான்தானுங்க" என்றாள் அவள், நான் திருத்துவதற்குள்.